வர்க்கமும் வகுப்புக் கூட்டமும்

1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், வழிபாடு நின்றுபோன புனித பவுல் ஆலயத்தில் மார்க்சிய வரலாற்றாசிரியர் பலர் கூடினர். வரலாற்றை உருவாக்குவது மனிதரின் அனுபவமா, அன்றி மனிதரை ஆட்டிவைக்கும் சமூக அமைப்பா என்பதே அவர்கள் விவாதித்த பொருள். ஸ்டூவர்ட் ஹால், ரிச்சர்ட் ஜான்சன் ஆகியோரின் விமர்சனத்திற்கு ஈ. பி. தாம்சன் அன்று அளித்த பதிலின் கடுமை, கேட்டவர்களைத் திகைக்கவைத்தது. கைவிடப்பட்ட ஆலயத்தில் பொருள்முதல்வாதிகள் தமக்குள் மோதிக்கொண்டனர் என்று நம்மில் சிலர் புன்முறுவல் பூக்கலாம். எனினும் அவ்விவாதத்தின் வேர்களுள் ஒன்று திருச்சபை வரலாற்றிலேயே ஊன்றியுள்ளது. ஆகவே நாம் அதனை அயலார் வழக்கென்று ஒதுக்கிவிட இயலாது.

வர்க்கம் என்றால் என்ன என்னும் வினாவிற்கு மார்க்ஸ் முழுமையான விடை தந்து சென்றாரில்லை. அவர் மறைவுக்குப்பின் ஏங்கல்ஸ் 1894இல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் வர்க்கங்களைப் பற்றிய இறுதி அதிகாரம் தொடங்கிய சிறிது தூரத்திலேயே அறுந்துபோகிறது. அந்த வெற்றிடத்தைப் பிற்காலத்தார் பலவாறு நிரப்பினர். பிரான்சில் லூயி அல்தூசர் 1965இல் வெளியான தம் நூல்களில், மனிதர் உற்பத்தி உறவுகளைத் தாங்கி நிற்போரே அன்றி வரலாற்றின் கர்த்தாக்கள் அல்லர் என்று வாதிட்டார். (இவர் இளமையில் கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.) இக்கொள்கைக்கு மறுப்பாகவே தாம்சன் 1978இல் 'கோட்பாட்டின் வறுமை' என்னும் நூலை வெளியிட்டார்.

தாம்சனின் பின்னணி நமக்குத் தொலைவானதன்று. அவர் தந்தை எட்வர்ட் ஜான் தாம்சன், வங்காளத்தில் பாங்குரா வெஸ்லியன் கல்லூரியில் பணியாற்றிய மெதடிஸ்டு மிஷனரி; தாகூரை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தோருள் ஒருவர். தாயும் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவரே. மகன் கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். 1956இல் ஹங்கேரியில் சோவியத் படை புகுந்த ஆண்டில் அதிலிருந்து விலகினார். யார்க்‌ஷயர் பகுதியில் வேலை முடிந்து மாலையில் வரும் முதியோருக்கு இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். அவ்வாண்டுகளின் விளைவே 1963இல் வெளிவந்த 'ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்'. வர்க்கம் என்பது ஒரு பொருளன்று, அது மனித உறவுகளில் நிகழும் ஒன்று. தொழிலாளர் தம் வாழ்வனுபவத்தின் வழியே தம்மைத் தாமே ஒரு வர்க்கமாக உணர்ந்து ஆக்கிக்கொண்டனர் என்பது அந்நூலின் சாரம். தோற்றுப்போன நெசவாளரையும், ஜோவன்னா சவுத்காட் என்ற தீர்க்கதரிசினியை நம்பி ஏமாந்தவரையும்கூடப் பிற்காலத்தாரின் ஏளனத்தினின்று மீட்பதே தம் நோக்கம் என முன்னுரையில் அவர் அறிவித்தார்.

அத்தகையவர் மெதடிசத்தைப் பற்றி எழுதிய அதிகாரத்தில் நாம் காண்பதோ வேறொரு தாம்சன். ஆண்ட்ரூ யூர் 1835இல் ஆலை முதலாளிகளுக்குச் சமய போதனையின் பயனை எடுத்துரைத்ததை அவர் சான்றாகக் கொள்கிறார். எழுப்புதல் கூட்டங்களில் உணர்ச்சியைக் கொட்டித் தீர்த்த தொழிலாளி, வாரநாட்களில் ஆலைமணிக்கு அடங்கி நடந்தான் என்பது அவர் கூறும் முதற்குற்றம். அரசியல் நம்பிக்கை முறியடிக்கப்பட்டபோதெல்லாம் மக்கள் அவநம்பிக்கையால் சிற்றாலயங்களுக்குத் திரும்பினர் என்பது இரண்டாவது. முதற்குற்றத்தை நாம் எளிதில் மறுக்க இயலாது. வெஸ்லிக்குப்பின் இயக்கத்தை நடத்திய ஜேபஸ் பன்டிங், ஞாயிறு பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதை வன்மையாக எதிர்த்தார். வாரம் முழுவதும் உழைத்த சிறுவனுக்கு எழுத்தறிவு பெற அந்த ஒரே நாளைத் தவிர வேறு நாள் ஏது? ஓய்வுநாளைப் பற்றிய வைராக்கியம் எனினும், அதன் பயன் யாருக்குச் சென்றது என்று கேட்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டாம் குற்றமோ அவ்வளவு உறுதியானதன்று. பிரான்சில் நடந்ததைப் போன்ற புரட்சி இங்கிலாந்தில் நிகழாமற்போனதற்கு மெதடிசமே காரணம் என்று ஏலி அலெவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறியிருந்தார். எரிக் ஹாப்ஸ்பாம், அவரும் மார்க்சியரே, 1957இல் இதனை ஆராய்ந்து, புரட்சியைத் தடுக்கும் அளவிற்கு மெதடிஸ்டுகள் தொகையினர் அல்லர் என்றும், பல பகுதிகளில் மெதடிசமும் அரசியல் தீவிரவாதமும் ஒரே காலத்தில் உடன்வளர்ந்தன என்றும் காட்டினார். தாம்சன் 1968ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில் விமர்சகருக்கு விடையளித்தார், நிலைப்பாட்டைக் கைவிட்டாரில்லை.

நாம் வியப்பது இதுவே. சவுத்காட்டை நம்பினவருக்கு அளித்த செவியை, தம் பெற்றோரின் சபையாருக்கு அவர் ஏன் மறுத்தார்? அனுபவமே வர்க்கத்தை ஆக்குகிறது என்றால், ஜெபத்தில் பெற்ற அனுபவம் மட்டும் ஏன் வேறொன்றின் நிழலாகச் சுருங்க வேண்டும்? இவ்வோரிடத்தில் அவர் தாம் எதிர்த்த அல்தூசருக்கு மிக அருகில் நிற்கிறார் என்பது நம் கருத்து. உள்ளூர்ப் பிரசங்கிகள் தொழிற்சங்கத்திற்கு ஆற்றிய பணியை அவர் மறைக்கவில்லை என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். 1976 இறுதியில் கோழிக்கோட்டில் இந்திய வரலாற்றுப் பேரவையில் பேசியபோது, சடங்கும் வழக்கமும் பொருளாதார அடித்தளத்தின் மேற்கட்டுமானமே என்னும் உவமையை அவரே கண்டித்தார்.

ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்னும் ஒரே சொல் தமிழில் வர்க்கம், வகுப்பு என இரண்டாகிறது. மெதடிஸ்டு வகுப்புக் கூட்டம் 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்கும் வழியாகத் தோன்றியது: ஏறத்தாழ பன்னிருவர், ஒரு தலைவர், வாரம் ஒரு பென்னி. பின்னர் அதுவே ஒருவர் மற்றவரின் ஆன்மநலத்தை விசாரிக்கும் இடமாயிற்று. நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரிய தொழிலாளரும், அவருக்குப்பின் சார்ட்டிஸ்டுகளும், அந்தப் பன்னிருவரையும் பென்னியையும் அப்படியே எடுத்துக்கொண்டனர். கணக்கெழுதவும், அவையில் எழுந்து பேசவும், முறைவைத்துக் கேட்கவும் பலர் அங்கேயே பழகினர். தச்சரான ஹியூ போர்னும் மட்பாண்டத் தொழிலாளியான வில்லியம் குளோவஸும் 1807இல் மோ காப் குன்றில் தொடங்கிய திறந்தவெளிக் கூட்டங்களை வெஸ்லியன் தலைமை ஏற்க மறுத்தது. வெளியேற்றப்பட்டோரின் பிரிமிட்டிவ் மெதடிஸ்டு சபையே டர்ஹம் சுரங்கத் தொழிலாளரின் சங்கத்திற்குத் தலைவர்களை ஈன்றது.

1834இல் டார்செட்டின் டோல்படில் கிராமத்தில், கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்த ஆறு பண்ணையாட்கள், இரகசியப் பிரமாணம் செய்த குற்றத்திற்காக ஏழாண்டு நாடுகடத்தப்பட்டனர். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் மெதடிஸ்டு உள்ளூர்ப் பிரசங்கி. ஆலையொழுக்கத்திற்கு அவரை அடக்கிய சமயம் எது, நீதிமன்றத்தில் அவரை நிமிர்ந்து நிற்கச்செய்த சமயம் எது என்று நாம் பிரித்துக்காட்ட முடியுமா? அவர் பாடியதும் அதே ஞானப்பாட்டுகள். அவர் இருந்ததும் அதே வகுப்புக் கூட்டம். 1836இல் மன்னிப்புப் பெற்றுத் திரும்பிய அவர், சில ஆண்டுகளுக்குப்பின் கனடாவில் குடியேறி, அங்கும் மெதடிஸ்டாகவே வாழ்ந்து 1874இல் மரித்தார்.