தருமபு?

பொட்டி தட்டுறவன் வரலாறு எழுதுறானேன்னு ஓடிடாதீங்க மக்களே. இது கொஞ்சம் பொட்டிக் கதை, கொஞ்சம் கல்லுக் கதை.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு பழைய கோப்புலேர்ந்து பேரு, ஊரு எல்லாம் பிரிச்சு எடுக்கிற நிரலை சி மொழியில எழுதினேன். ஊருக்கு 20 பைட் இடம் ஒதுக்கினேன். ஆங்கிலத்துல எழுதின ஊரெல்லாம் ஜோரா அடங்கிச்சு. தமிழ்ல எழுதின என் சொந்த மாவட்டம் மட்டும் "தருமபு"ன்னு வந்து, பக்கத்துல ஒரு கேள்விக்குறியோட நின்னுச்சு. "என்னப்பா, உன் ஊரையே வெட்டிட்டியே"ன்னு மேனேஜர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

கணக்கு இதுதான். தருமபுரி நம்ம கண்ணுக்கு 5 எழுத்து. யுனிகோடுல உகரக்குறி, இகரக்குறி எல்லாம் தனித்தனி, ஆக 8 குறியீடு. யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், மொத்தம் 24. 20ல வெட்டினா 6 குறியீடு முழுசா வரும். ஏழாவதான 'ர'வோட 3 பைட்ல 2 மட்டும் மாட்டிக்கும். அதுதான் அந்தக் கேள்விக்குறி. நிரல் தப்பு பண்ணதைவிட, பண்ணிட்டு வாயைத் திறக்காம இருந்ததுதான் உறுத்துச்சு.

இப்படி வர்ற தரவை விதிப்படி பிரிச்சுப் பொருள் சொல்ற நிரலுக்குப் பேரு பார்ஸர். அதை எழுத ரொம்ப நாளா ரெண்டு வழிதான் பிரபலம். ஒண்ணு, 1970கள்ல பெல் ஆய்வகத்துல பிறந்த யாக் மாதிரி கருவிகிட்ட இலக்கணத்தைக் கொடுத்து பார்ஸரை வாங்கிக்கிறது. இன்னொண்ணு, என்னை மாதிரி கையால எழுதி மாட்டிக்கிறது :-)

மூணாவது வழி சத்தமில்லாம வளர்ந்துச்சு. குட்டிக்குட்டி பார்ஸர்களை எழுதி, 'இதுக்கு அப்புறம் அது', 'இது இல்லைன்னா அது', 'இது எத்தனை தடவை வேணா'ன்னு கோத்துப் பெரிய பார்ஸர் கட்டுறது. இதுதான் பார்ஸர் காம்பினேட்டர். 1975ல பர்ஜ் எழுதின புத்தகத்துலயே இதோட விதை இருக்கு. 1985ல பிலிப் வாட்லர் ஒரு அழகான யோசனை சொன்னார்: ஒவ்வொரு பார்ஸரும் விடைகளோட பட்டியலைத் திருப்பித் தரட்டும், பட்டியல் காலின்னா தோல்வி, நிறைய இருந்தா அத்தனை விதமா படிக்கலாம்னு அர்த்தம். 1992ல கிரஹாம் ஹட்டன் இதை விரிவா எழுதினார். 2001 வாக்குல ஹாஸ்கெல் மொழிக்கு பார்செக் வந்துச்சு.

ஆனா நெட்வொர்க், வீடியோ மாதிரி வேகமும் நினைவகமும் முக்கியமான இடத்துல சி மொழியும் கைவேலையும்தான் தொடர்ந்துச்சு. அதோட விலை 2014 ஏப்ரல்ல தெரிஞ்சுது. எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காம நம்பின ஓபன்எஸ்எஸ்எல், நினைவகத்துல இருந்ததை ஒரு தடவைக்கு 64 கேபி வரைக்கும் அள்ளிக் கொடுத்துச்சு. ஹார்ட்பிளீட்னு பேரு.

2015 மே மாசம் ரஸ்ட் 1.0 வந்துச்சு. அந்த மொழிக்கு ஜோஃப்ரா கூப்ரி எழுதின காம்பினேட்டர் நூலகம்தான் நொம். தரவைப் பைட் பைட்டா மெல்லும், ஆனா நகல் எடுக்காது. மூலத்துலயே இங்கேர்ந்து இங்க வரைக்கும்னு காட்டும். மூலம் அழிஞ்ச பிறகும் அதைக் காட்டுற மாதிரி எழுதினா ரஸ்ட் கம்பைலர் விடாது. வலையில ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற சுரிகாட்டா இதைப் பயன்படுத்துது.

எனக்குப் பிடிச்சது வேற. நொம் ஓடையா வர்ற தரவைப் படிக்கும்போது 'சரி', 'தப்பு'ன்னு மட்டும் சொல்லாது. 'பத்தலை, இன்னும் வரணும்'னு ஒரு மூணாவது பதிலும் வச்சிருக்கு.

அந்தப் பதிலோட அருமை எனக்கு உறைச்சது ஊருக்குப் போனப்பதான். தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகற்கள் வரிசையா நிக்கும். மாடு பிடிக்க வந்தவனோட சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரு வச்ச கல். பல்லவர் காலத்துக் கல்லுல எழுத்து வட்டெழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. 'கல'ன்னு இருந்தா கல்லா, கலவா, இல்ல கலம்னு போகுதா? பட்டான் 'படடான'ன்னு நிக்கும்.

அப்ப எப்படிப் படிச்சாங்க? கல்லு பேசுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு: அரசன் பேரு, ஆட்சியாண்டு, நாடு, ஊரு, வீரன் பேரு, தொறு மீட்டது (தொறுன்னா மாட்டு மந்தை), பட்டான், கல். சிலதுல சில துண்டு இருக்காது. ஒரு விதமா பிரிச்சுப் பார்த்து, பொருந்தலைன்னா திரும்பி வந்து வேற விதமா பிரிக்கணும். வாட்லர் சொன்னதுக்கு ஆயிரம் வருஷம் முந்தின கல்லு அதே வேலையைக் கேக்குது! கல்லு உடைஞ்சிருக்கிற இடத்துல கல்வெட்டு ஆய்வாளர் ஊகிச்சு நிரப்ப மாட்டார், புள்ளி புள்ளியா போட்டுட்டுப் போவார். அதுதான் 'பத்தலை'. என் நிரல் அந்த இடத்துல எழுத்தைப் பாதியா அறுத்து, முழுசுன்னு நீட்டுச்சு.

அப்புறம் ராத்திரியெல்லாம் உக்காந்து நொம்ல ஒரு தமிழ் எழுத்து விதி எழுதினேன். ஏன்னா ரஸ்டும் குறியீட்டைத்தான் காப்பாத்தும். 'பு'வை 'ப'ன்னு வெட்டினா அதுக்குக் கவலை இல்லை. விதி இவ்வளவுதான்: உயிர், அல்லது ஆய்தம், அல்லது மெய்க்கு அப்புறம் புள்ளியோ உயிர்க்குறியோ வரலாம், வராமலும் இருக்கலாம். நம்ம வாத்தியார் ஆறாங்கிளாஸ்ல சொன்னதுதான்! ஒரே எச்சரிக்கை: 'இது இல்லைன்னா அது'ல முதல்ல பொருந்துறதை நொம் எடுத்துக்கும். கல்வெட்டுக்கு முன்னாடி கல்லை வச்சா 'வெட்டு' அனாதையா நிக்கும்.

இப்ப 20 பைட்ல வெட்டச் சொன்னா, 18 பைட்ல 'தருமபு'ன்னு முழு எழுத்தா நிறுத்திட்டு, மிச்சம் இருக்குன்னு சொல்லுது. ஊர் இன்னும் முழுசா அடங்கலை. ஆனா அடங்கலைன்னு ஒத்துக்குது. எனக்கு அது போதும்.

அந்தப் பக்கம் போனா அகழ்வைப்பகத்தை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. கல்லு முன்னாடி நின்னு, இடைவெளி இல்லாத ஒரு வரியை விரலால பிரிச்சுப் பாருங்க. நீங்களும் ஒரு பார்ஸர்தான் :-)