பாஷாணச் சோப்பும் அணில் தோலும்: பாடம் செய்தலின் வரலாற்றில் ஒரு மறுபார்வை

விலங்கைப் பாடம் செய்யும் கலையின் வரலாற்றில் பாஷாணச் சோப்புக்குத் தனி மரியாதை உண்டு. பிரான்சின் மெட்ஸ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ழான் பத்தீஸ்த் பெக்கேர் (1718–1777), வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்செனிக் நஞ்சை, சோப்பு, பொட்டாசியம் கார்பனேட், கற்பூரம் முதலியவற்றோடு குழைத்துத் தோலின் உட்புறத்தில் பூசினார். தோல் நிலைத்து நின்றதற்கு அந்தக் குழம்பே காரணம் என்பது வழக்கமான முடிவு. இது பாதி உண்மைதான். உரித்த தோலுக்கு இரண்டு பகை. ஒன்று அழுகல், அது சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். மற்றது பூச்சி, அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பாஷாணம் இரண்டாவதற்கு மட்டுமே மருந்து. இரண்டையும் வேறு வேறு வேலையாகப் பிரித்துப் பார்க்கக் கற்றதுதான் உண்மையான திருப்பம் என்பேன். அது நடந்ததோ மெதுவாக, பெரிய பெயர் எதுவும் ஒட்டாமல்.

பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ரெயோமூர் 1748இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இறந்த பறவைகளைக் காக்கும் வழிகளை விவரித்தார். வைக்கோல் திணிப்பது, சாராயத்தில் இடுவது, நறுமணப் பொருள் சேர்ப்பது, அடுப்பின் மிதமான சூட்டில் உலர்த்துவது எனப் பலவும் அதில் உண்டு. அடுப்புச் சூடு ஈரத்தையும் வாட்டியது, உள்ளிருந்த புழுவையும் கொன்றது. ஆனால் அடுத்த மாதம் வந்து முட்டையிடும் அந்துப்பூச்சியை அது என்ன செய்யும்? இந்த ஓட்டையைத்தான் பெக்கேரின் குழம்பு அடைத்தது. அக்காலத்தில் பாடம் செய்வதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பறவைகளைச் சுற்றியே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பறவைத் தோல் மெல்லியது. சதையை வழித்துவிட்டால் தானே உலர்ந்துவிடும். அதனால் முதல் பகை கண்ணில் படாமலே போயிற்று.

அணிலை எடுத்தால் கதை வேறு. காதின் குருத்தெலும்பை விட்டுத் தோலைப் பிரித்து உள்வெளியாகப் புரட்ட வேண்டும். உதட்டின் இரு மடிப்புகளுக்கு நடுவே கீறித் திறக்க வேண்டும். வாலெலும்பை உருவ வேண்டும். பாதத்தில் ஒரு துளி சதை தங்கக் கூடாது. எங்கேனும் ஈரச் சதை மிஞ்சினால் மயிர்க்கால் தளரும். விரலால் லேசாகத் தேய்த்தாலே மயிர் கொத்தாகக் கையோடு வரும். தோல் பதனிடும் தொட்டியில் மயிர் கழன்றால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள்; பாடம் செய்பவருக்கோ மயிர் போனால் எல்லாம் போயிற்று. இதைத் தடுப்பவை உப்பும் படிகாரமும். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். படிகாரம் தோலின் புரதத்தோடு பிணைந்து மயிர்க்காலை இறுக்கும். கன்னத்திலும் காதடியிலும் பிடிவாதமாக ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தி வழித்து எடுக்காவிட்டால் இவை உள்ளே இறங்கா. வரலாற்றில் கத்திக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நிலைத்ததில் பாதி அதன் உழைப்பு.

பாஷாணம் பூசிய மாதிரிகள் இருநூறு ஆண்டுகளாக அருங்காட்சியகங்களில் நிற்கின்றனவே, அது சான்றாகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆகும். ஆனால் யார்க்‌ஷயர் நிலக்கிழார் சார்லஸ் வாட்டர்ட்டன் (1782–1865) பாஷாணத்தை ஏற்காமல், சாராயத்தில் கரைத்த சவ்வீரத்தை, அதாவது மெர்குரிக் குளோரைடைப் பயன்படுத்தினார். அவருடைய மாதிரிகளும் வேக்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. உட்புறம் பூசிய சோப்பு, வெளியே மயிரை மட்டும் தின்னும் பூச்சியை எட்டுவதில்லை, வாட்டர்ட்டனின் கரைசல் மயிரிலும் இறகிலும் ஊறியது. சவ்வீரமும் நஞ்சுதான், மறுக்கவில்லை. பூச்சிக்கு ஏதோ ஒரு நஞ்சு தேவைப்பட்டது; அது பாஷாணமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் அந்தச் சோப்பு ஏன் உலகெங்கும் பரவியது? பெக்கேர் செய்முறையைச் சாகும்வரை ரகசியமாகவே வைத்திருந்தார். 1803இல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் லூயி துஃப்ரேன் அதை இயற்கை வரலாற்று அகராதி ஒன்றில் வெளியிட்டார். 1820இல் சாரா பௌடிச்சின் கையேடு அதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனது. பாரிஸின் செல்வாக்கு ஒரு காரணம், வசதி மற்றொன்று. சோப்புக்கு ஒரு டப்பாவும் தூரிகையும் போதும்; உப்புக் கரைசலுக்குத் தொட்டியும் பல நாள் பொறுமையும் வேண்டும். 1877இல் ஆனைமலைக் காடுகளில் விலங்குகளைச் சேகரித்த அமெரிக்கர் வில்லியம் ஹார்னடே, 1891இல் எழுதிய கைநூலில் இரண்டுக்கும் இடம் தந்தார்: பாலூட்டித் தோலுக்கு உப்பும் படிகாரமும் சேர்ந்த கரைசல், பூச்சிக்குப் பாஷாணச் சோப்பு. இரண்டு வேலைகளும் அங்கே தனித்தனியாகவே நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் பாஷாணம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பூசியது மட்டும் போகவில்லை. பழைய அணிலின் கண்ணோரத்திலும் தையல் ஓரத்திலும் மயிரடியிலும் வெண்பொடியாக அது இன்னும் படிந்திருக்கக்கூடும் என்பதால், தூசி தட்ட வரும் அருங்காட்சியக ஊழியர் முதலில் கையுறையை மாட்டிக்கொள்கிறார்.