மடுல்சீமை மண்ணும் ஒரு மீன்தொட்டியும்

மடுல்சீமையில் இருக்கும் என் தங்கையின் பேரன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். புதிதாக மீன்தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறானாம். "தாத்தா, அடியில போட தேயிலை மலையிலருந்து மண்ணு அள்ளிக்கிட்டு வரட்டுமா? நல்லா கறுப்பா இருக்கு" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றான். அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை கூற நான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று. அவன் பொறுமையாகக் கேட்டானா என்பது வேறு விடயம்.

தேயிலைக்கும் மீன்தொட்டிக்கும் ஓர் உறவு உண்டு. நத்தானியல் வாட் என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஈரமண்ணில் செடி தானாகவே முளைத்து வாழ்வதை 1829இல் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளிலேதான் றொபேட் போர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில், மூடிய ஓர் உலகம் தன்னைத்தானே காத்துக்கொள்ளுமா என்ற அதே கேள்வியை நீருக்குள் எழுப்பினார் றொபேட் வாறிங்டன் என்ற இரசாயனவியலாளர். 1849இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கலக்கின. நத்தைகளைச் சேர்த்ததும் தெளிந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு வெளியான பிலிப் ஹென்றி கொஸின் நூலோடு 'அக்குவாரியம்' என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது.

வாறிங்டன் தம் கலத்தின் அடியில் மணலும் சேறும் பரப்பி, சுண்ணக்கல் துண்டுகளையும் மணற்கல்லையும் வைத்திருந்தார். சுண்ணக்கல்லால் அவருடைய மீன்களுக்குத் தீங்கு நேரவில்லை. தங்கமீன் கடின நீரைத் தாங்கும். எல்லா மீனும் அப்படியல்ல. இதனை நான் அறிந்துகொண்ட விதம் மகிழ்ச்சியானதன்று.

பதுளை, வெலிமடைப் பக்கங்களில் வெள்ளை வெளேரென்ற பளிங்குச் சுண்ணக்கல் கிடைக்கும். சூளைகளில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். இளமையில் அந்தக் கற்களின் அழகில் மயங்கி, ஒரு பை நிறையப் பொறுக்கிவந்து தொட்டியின் அடியில் பரப்பினேன். விட்ட மீன்கள் நமது நாட்டுத் திட்டையாக்கள். 1929இல் பி.ஈ.பி. தெரணியகல உலகுக்கு விவரித்த அந்தச் சிவந்த சிறுமீன், ஈரவலயத்துக் காட்டு நிழலில், இலைச்சருகு படிந்த மென்மையான புளிப்பு நீரில் வாழ்வது. மூன்று வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். பிழை என்னுடையதென்று தெரிய ஆண்டுகள் பல பிடித்தன. நீரிலே கரைந்த கரியமிலவாயு சுண்ணக்கல்லை மெல்ல அரிக்கும். நீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். காரம் ஏற ஏற, மீன் கழிவிலுள்ள அமோனியாவின் நஞ்சு வடிவம் பெருகும். கடற்கரைப் பவளமணலும் சிப்பித்தூளும் செய்வது இதே வேலையைத்தான்.

தேயிலை மலை மண்ணுக்கு வருகிறேன். அதன் கதை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. இலங்கைக் கோப்பியை அழித்த துருநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது வேறெங்குமல்ல, இதே மடுல்சீமையில். பேராதனைப் பூங்காவின் துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி அந்தப் பூஞ்சைக்கு 'ஹெமிலியா வஸ்தாற்றிக்ஸ்', அதாவது நாசகாரி, என்று பெயரிட்டார். பூஞ்சைக்கு மருந்தாகும் செம்புக் கலவையைப் பிரான்சில் மில்லார்தே திராட்சைக் கொடிகளுக்குப் பரிந்துரைத்தது 1885இல். அதற்குள் நம் கோப்பித் தோட்டங்கள் விறகாகிவிட்டன. கோப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் உண்டு? பூஞ்சைக்குக் கிடைத்த பெயர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. 1946இல் அதற்கும் இலையில் கொப்புளம் கிளப்பும் ஒரு பூஞ்சை நோய் வந்தது. இம்முறை செம்பு கைவசம் இருந்தது. கொழுந்துகளின்மீது தெளித்தார்கள், மழை அதை மண்ணுக்கு இறக்கியது. செம்பு ஆவியாகிப் போவதில்லை, மக்கிப் போவதுமில்லை. மண்ணின் மட்கோடு பிணைந்து பல பத்தாண்டுகள் கிடக்கும். தேயிலை மண் இயல்பிலேயே புளிப்பானது. அமோனியம் சல்பேற்று உரம் அதனை மேலும் புளிக்கவைத்தது. புளித்த மண்ணில் செம்பு எளிதாக நீருக்குள் இறங்கும். நத்தைக்கும் இறாலுக்கும் மிகச் சிறிதளவே போதும். மீனின் செவுளையும் அது தாக்கும். தேயிலைச் செடிக்கு இந்த மண் போதும், மீனுக்கு ஆகாது.

அப்படியானால் எதைப் போடுவது? கழுவிய ஆற்றுமணல். ஊவா மலைகளின் பழம்பாறைகள் உதிர்ந்து ஓடைகளில் உருண்டு வருவதில் பெரும்பகுதி படிகக்கல் மணல். நீரோடு அது எந்த வழக்குக்கும் போகாது. மின்னும் மைக்காத் துகள்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆற்றிலே நாமாக அள்ளவும் வேண்டாம், அதற்கு அனுமதிச் சட்டம் உண்டு. வீடு கட்டுவோரின் குவியலில் ஒரு வாளி கேட்டால் கொடுப்பார்கள். சீமெந்து கலந்த ஓரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், சீமெந்தும் சுண்ணாம்புதான். அரித்தெடுத்த மணல் கடுகளவு இருப்பது நல்லது. இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மாவுபோன்ற மணலை ஆழமாக நிரப்பினால் காற்றுப் புகாமல் அழுகி முட்டை நாற்றம் வீசும். சாயமிட்ட கற்களை நான் நம்புவதில்லை.

சோதிக்க ஒரு தேக்கரண்டி வினாகிரி போதும். மணலிலோ கல்லிலோ விட்டு நுரைத்தால் சுண்ணம் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பளிங்கில் டொலமைற் கலந்திருக்கும். அது சட்டென்று நுரைக்காமல் ஏமாற்றும். ஆணியால் சுரண்டித் தூளாக்கிப் பார்க்க வேண்டும். இன்னும் ஐயமென்றால் ஒரு போத்தல் நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் அமிலத்தாளால் அளக்கலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு நேற்று மறுபடியும் அழைத்தான். பக்கத்து வீட்டார் மணல் கொடுத்துவிட்டார்களாம். வினாகிரி விட்டானாம், மூன்று கற்கள் நுரைத்தன, எறிந்துவிட்டானாம். ஏழாவது வாளித் தண்ணீரிலும் கலங்கல் தெளியவில்லை என்றான். இன்னும் கழுவு என்றேன்.