திரையில் மலர்க் கண்காட்சி

புங்குடுதீவின் மடத்துவெளியில் மலருக்கு முதலுரிமை முருகன் கோயிலுடையது. இறைவனுக்குச் சாத்தும் பூவை முகர்ந்து பார்த்தலும் ஆகாது. மலர்களை வரிசையாக வைத்துப் பரிசளிக்கும் கண்காட்சி முறையோ ஆங்கிலேயர் ஆட்சியிற் பரவியது. 1848இல் மக்கைவர் என்பார் உதகமண்டலத்திலே தாவரவியற் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1896இல் அந்நகரில் முதலாவது மலர்க் கண்காட்சி நடைபெற்றது. நெடுங்காலம் மலையேறிச் சென்றவர்க்கே அக்காட்சி கிட்டிற்று.

1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றிற்று. ஆனால், திரையோ கறுப்பு வெள்ளை! சிவந்த ரோசாவும் அதன் பச்சை இலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாய்த் தெரியுமாயின், மலர்க் காட்சியில் எஞ்சுவது யாது? 1982இலே இந்தியத் திரைக்கு வண்ணம் வந்தது. இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். 1980களில் யாழ்ப்பாணப் பகுதியில் உயர்ந்த அன்ரனா நாட்டி அக்கரை ஒளிபரப்பைக் கண்டோர் பலர்.

வண்ணம் வந்தும் ஒரு குறை தீரவில்லை. பல்லாயிரம் பூக்களாற் சமைத்த பேருருவங்களையே படக்கருவி நாடுகின்றது. வீட்டுத் தோட்டக்காரர் மாதக்கணக்கில் வளர்த்துப் போட்டிக்கு வைத்த சாடி கணப்பொழுதில் மறைந்துவிடுகின்றது. நன்னீர் அரிதான தீவிலே பூஞ்செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அந்தச் சாடியின் மண் எத்தகையது, அதற்கு நீர் எவ்வளவு என்பனவே அங்குள்ளோர் அறிய விரும்புவன.