குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை: செங்கல்பட்டு வட்டாரம்

பழுதடைந்த ஈரலை நீக்கிவிட்டு, மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலையோ உயிருடன் இருப்பவர் தரும் ஈரலின் ஒரு பகுதியையோ குழந்தைக்குப் பொருத்தும் சிகிச்சை. குழந்தைகளுக்கு இது தேவைப்படுவதற்கு முதன்மைக் காரணம் பிலியரி அட்ரீசியா என்னும் பித்தநாள அடைப்பு. பிறந்த சில வாரங்களிலேயே பித்தக் குழாய்கள் அடைபட, குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் ஈரலில் தேங்கி அதைச் சுருங்க வைக்கிறது. வில்சன் நோய், பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகள், திடீர் ஈரல் செயலிழப்பு ஆகியவை பிற காரணங்கள்.

முன்வரலாறு

சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டுத் தாய்மார்களை அச்சுறுத்தியது 'ஈரல் கட்டி'. ஜம்மி நிறுவனத்தின் 'லிவர் க்யூர்' மருந்து வீடுதோறும் தெரிந்த பெயரானது இதனால்தான். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலில் இறங்கும் செம்பே 'இந்திய வகை ஈரல் சுருக்கம்' எனப்படும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று 1980களில் புனே ஆய்வுகள் காட்டின. எவர்சில்வர் புழக்கத்துக்கு வந்தபின் அந்நோய் அரிதாகிவிட்டது. பித்தநாள அடைப்பு மட்டும் குறையவில்லை.

அளவுச் சிக்கல்

பித்தத்தைக் குடலுக்குத் திருப்பிவிடும் அறுவையை ஜப்பானின் மோரியோ கசாய் 1950களில் வகுத்தார். 1963இல் அமெரிக்காவின் தாமஸ் ஸ்டார்சல் பித்தநாள அடைப்புள்ள மூன்று வயதுச் சிறுவனுக்கு உலகின் முதல் ஈரல் மாற்றைச் செய்தார், சிறுவன் பிழைக்கவில்லை. 1967இல் ஒரு பெண் குழந்தைக்கு அவர் செய்த மாற்று பலித்தது. ஆனால் குழந்தை அளவிலான ஈரல் கிடைப்பது அரிது. ஒரே ஈரலை இரண்டாகப் பிரித்து இருவருக்குப் பொருத்தும் முறையை 1988இல் ஜெர்மனியின் பிஷல்மாயர் தொடங்கினார். 1989இல் ஆஸ்திரேலியாவில் ரசல் ஸ்ட்ராங், தாயின் ஈரல் பகுதியை மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார்.

இம்முறையில் பெற்றோர் ஈரலின் இடப்பக்க ஓரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. கைக்குழந்தையின் ஈரல் தமனி சில மில்லிமீட்டர் தடிமன்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில்

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. 1998 நவம்பரில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தைக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் ஈரல் பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்று இதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

இத்துறை ஆய்வில் முன்னிற்பவர் மயிலாடுதுறைப் பகுதியில் பிறந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற முகமது ரேலா. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றுச் செய்து கின்னஸ் நூலில் இடம்பெற்றார். பிரித்த ஈரல் மாற்று, துணை ஈரல் மாற்று இரண்டிலும் அவருடைய ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. துணை மாற்றில் குழந்தையின் சொந்த ஈரலில் ஒரு பகுதியை விட்டுவைத்து, பக்கத்தில் தானப் பகுதியைப் பொருத்துவர். திடீர்ச் செயலிழப்புக்கு உள்ளான சொந்த ஈரல் தேறிவிட்டால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைப் படிப்படியாக நிறுத்திவிடலாம். வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படாது. 2018இல் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டையில் உள்ளது.

உறுப்பு தானத்திலும் இவ்வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன், 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் அவருடைய உறுப்புகளைத் தானம் செய்தனர். இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் தமிழகத்தில் வீட்டுப் பேச்சானது அப்போதுதான். அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. தானம் செய்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது.

இன்றைய நிலை

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்றும் அடங்கும். ஆயினும் நோயை நேரத்தில் கண்டறிவதே இன்னும் பெரிய தடை. பச்சிளங்குழந்தையின் காமாலைக்குக் காலை வெயிலையும் கீழாநெல்லியையும் நம்பி வாரங்கள் கழிகின்றன. கசாய் அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் மிகுதி. காமாலை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தாலோ குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.