துப்பாக்கிக் குழலின் கசடும் 1857ஆம் ஆண்டுத் தோட்டாச் சிக்கலும்

முன்னுரை

1857ஆம் ஆண்டுப் புரட்சியைப் பற்றி எழுதுவோர் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் அதில் கலந்திருந்ததாகச் சிப்பாய்கள் ஐயுற்றனர் என்ற அளவில் பெரும்பாலும் அக்குறிப்பு முடிந்துவிடுகிறது. தோட்டாவிற்குக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அதற்குரிய விடை, சுடப்பட்ட துப்பாக்கியின் குழலுக்குள் படியும் கசட்டில் உள்ளது. கசட்டை நீக்குவதற்கான தொழில்நுட்பத் தேவை எது, அத்தேவையை நிறைவேற்ற ஆட்சியாளர் மேற்கொண்ட தெரிவு எது என இரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கசட்டின் இயல்பு

அக்காலத்துக் கருமருந்து ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பும், 15 விழுக்காடு கரியும், 10 விழுக்காடு கந்தகமும் சேர்ந்த கலவையாகும். இது எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. எஞ்சிய பகுதி திடப்பொருளாகிப் புகையோடு வெளியேறுகிறது. அல்லது குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, பொட்டாசியம் சல்பைடு, எரியாத கரி ஆகியவையே இக்கசட்டின் கூறுகள். காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றுவது இதன் இயல்பு. ஈரப்பதமுள்ள காலத்தில் இது குழம்புபோல் இளகியிருக்கும். வறண்ட வெயிலில் ஓடுபோல் இறுகிவிடும்.

இக்கசடு நீரில் கரையக்கூடியது. எனவே சுட்டு முடித்த துப்பாக்கியைத் தூய்மை செய்யும் முறை எளிதாகவே இருந்தது. குழலில் நீரை ஊற்றி, கம்பியின் நுனியில் சணல்நாரையோ துணியையோ சுற்றி, நீர் தெளிந்து வரும்வரை மேலும் கீழும் இழுத்துக் கழுவுவர். அழுகிய முட்டையின் நாற்றத்தோடு கருநீர் வெளிவரும். வெந்நீராயின் குழல் சூடேறி விரைவில் உலரும். உலர்ந்தபின் எண்ணெய்த்துணியால் துடைத்து வைப்பர். ஆயினும் இது போர் முடிந்தபின் செய்யும் பணி. போரின் நடுவே, ஒரு குண்டிற்கும் அடுத்த குண்டிற்கும் இடையில், குழலைக் கழுவ இயலாது. துப்பாக்கியை வடிவமைத்தோர் எதிர்கொண்ட உண்மையான சிக்கல் இதுவே.

வழவழப்புக் குழலும் சுரிகுழலும்

‘பிரவுன் பெஸ்’ எனப்பட்ட பழைய துப்பாக்கி இச்சிக்கலைத் துல்லியத்தை இழந்து தீர்த்துக்கொண்டது. அதன் குழல் 0.75 அங்குல விட்டமுடையது. குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலமே. இடைவெளி மிகுதியாக இருந்ததால் கசடு படிந்த பின்னும் குண்டு எளிதில் உள்ளே இறங்கியது. ஆனால் குறி தவறுவது வழக்கமாயிற்று.

உட்புறத்தில் சுரிவரிகள் கொண்ட ரைபிளில் குண்டு அவ்வரிகளை இறுகப் பற்றினாலன்றிச் சுழலாது. சுழலாத குண்டு நேராகச் செல்லாது. இறுக்கமான குண்டைக் கசடு படிந்த குழலில் இறக்குவது கடினம். 1800இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்ட பேக்கர் ரைபிளுக்குத் தொடக்கத்தில் குண்டை அடித்து இறக்க மரச்சுத்தியல் வழங்கப்பட்டது. பின்வந்த பிரன்சுவிக் ரைபிளும் சில முறை சுட்டபின் குண்டேற்ற அரிதாயிற்று.

1849இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே வடிவமைத்த கூர்முனைக் குண்டு இந்நிலையை மாற்றியது. குழலைவிடச் சற்றுச் சிறியதாகிய இக்குண்டு தடையின்றி இறங்கும். வெடிக்கும்போது அதன் குழிந்த அடிப்பகுதி விரிந்து சுரிவரிகளைப் பற்றும். இக்கோட்பாட்டில் அமைந்ததே 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைபிள். அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கே. இச்சிறு இடைவெளிக்குள் கசடும் அடங்க வேண்டியிருந்தது.

தோட்டாவே துடைப்பான்

இதற்கு வழியாகவே தோட்டாத்தாளின் குண்டிருக்கும் பகுதி கொழுப்பில் தோய்க்கப்பட்டது. சிப்பாய் தாளின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவார். பின் தாள் சுற்றிய நிலையிலேயே குண்டைக் குழலில் செருகி, எஞ்சிய தாளைக் கிழித்தெறிந்து கம்பியால் இடித்து இறக்குவார். கொழுப்பு முந்தைய கசட்டை இளக்கும். தாள் அதைத் துடைத்துக் கீழே தள்ளும். ஒவ்வொரு தோட்டாவும் தனக்கு முன் சுடப்பட்டதன் கசட்டைத் துடைத்தது எனலாம். சிப்பாய்கள் அஞ்சிய கொழுப்பு ஒரு துப்புரவுப் பொருளேயன்றி வேறன்று.

தேவையும் தெரிவும்

கசட்டை இளக்க மசகு தேவை என்பது தொழில்நுட்ப உண்மை. அது விலங்குக் கொழுப்பாகவே இருக்க வேண்டும் என்பது அவ்வாறன்று. தேன்மெழுகும் நெய்யும் தாவர எண்ணெயும் இந்நாட்டில் கிடைத்தன. 1853இல் தட்பவெப்பச் சோதனைக்காகக் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்தியாவிற்கு வந்தபோதே, வங்காளப் படையின் தலைமைத் துணையதிகாரி கர்னல் ஹென்றி டக்கர் எச்சரித்தார்: சாதி சமய உணர்வைப் புண்படுத்தாத பொருள் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அவற்றை இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வழங்கலாகாது என்பது அவர் கருத்து. அது செயலாக்கப்படவில்லை. கொல்கத்தா வில்லியம் கோட்டைப் படைக்கலச் சாலையில் பயன்பட்ட கொழுப்பு எவ்விலங்கினது என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடும் இருக்கவில்லை.

1857 சனவரியில் டம்டம்மில் எழுந்த ஐயம் விரைந்து பரவியது. அம்மாத இறுதியிலேயே சிப்பாய்கள் தாமே விரும்பிய மசகைத் தடவிக்கொள்ளலாம் என அரசு இசைந்தது. பின்னர்ப் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கும் முறையும் புகுத்தப்பட்டது. மாற்றுவழி இயலக்கூடியதே என்பதற்கு இவ்வாணைகளே சான்று. ஆனால் அதற்குள் ஐயம் கொழுப்பிலிருந்து பளபளப்பான தாளுக்குத் தாவிவிட்டது. ஏப்ரல் 24இல் மீரட்டில் மூன்றாம் இலகு குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாக்களை ஏற்க மறுத்தனர். அவர்களுக்கு நீட்டப்பட்டவை புதிய என்ஃபீல்டு தோட்டாக்கள் அல்ல, முன்பு வழக்கிலிருந்தவையே. மே 9இல் அவர்கள் விலங்கிடப்பட்டனர்; மறுநாள் புரட்சி வெடித்தது. அயோத்தி இணைப்பு, 1856ஆம் ஆண்டுப் பொதுப்பணிச் சேர்க்கைச் சட்டம் முதலிய குறைகள் முன்னரே திரண்டிருந்தமையால் தோட்டாவை ஒற்றைக் காரணமாகக் கொள்வது பொருந்தாது. அது குறைகள் அனைத்தும் வந்து குவிந்த புள்ளியாயிற்று.

இங்கு 1806 சூலை 10இல் நிகழ்ந்த வேலூர்க் கிளர்ச்சியோடு ஒப்பிடுவது பயனுடையது. அங்கும் தோல்குச்சம் வைத்த புதிய தலைப்பாகை, உடலைத் தீண்டும் பொருளாக வந்து சமய அச்சத்தைத் தூண்டியது. ஆனால் அத்தலைப்பாகையால் போர்த்தொழிலுக்கு விளைந்த பயன் ஏதுமில்லை. 1857இன் கொழுப்பிற்குத் திட்டவட்டமான பயன் இருந்தது; அப்பயனை ஒருவரும் சிப்பாய்க்குப் புரியவைக்கவில்லை.

புரட்சிக்குப் பின்

வட இந்தியக் கோடையில் கொழுப்பு உருகித் தாளில் ஊறிப்போக, கசடு இறுகி, ஆங்கிலேயப் படையினரே குண்டேற்ற இடர்ப்பட்டனர். அதன்பின் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மசகுக் கலவையில் தேன்மெழுகின் பங்கு மிகுதியாக்கப்பட்டது. சிப்பாய்களின் அச்சத்தைப் போக்கியிருக்கக்கூடிய மெழுகே இந்நாட்டு வெப்பத்திற்கும் ஏற்றது என்பது காலந்தாழ்ந்து தெரிந்தது. மறுபுறம், புரட்சியாளருட் பலர் பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கியோடு என்ஃபீல்டை எதிர்கொண்டு பேரிழப்புற்றனர்.

முடிவுரை

பின்புறம் தோட்டாவேற்றும் துப்பாக்கிகளும், 1884இல் பிரான்சில் வியேய் கண்ட புகையில்லா மருந்தும் பரவியபின் இச்சிக்கல் தன் கூர்மையை இழந்தது. எனினும் 1857இன் தோட்டாவைச் சமய நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலாகக் காட்டும் போக்கு ஏற்புடையதன்று. குழலைத் துடைக்கும் வழிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றை, அதைப் பல்லால் கடிக்க வேண்டியவரைக் கேளாமலே ஆட்சியாளர் தெரிந்தெடுத்தனர். சிப்பாய்கள் மறுத்தது அத்தெரிவையேயன்றித் தொழில்நுட்பத்தை அன்று என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.