இரங்கூனில் இறங்கிய காகிதம்: இந்திய–பர்மிய இறக்குமதி ஒப்பீடு

இரு நாடுகளின் காகித, அட்டை இறக்குமதியைக் காலவரிசையில் ஒப்பிடுவோர் முதலில் நின்று நோக்க வேண்டிய நாள் 1937 ஏப்ரல் 1. அன்றுதான் பர்மா பிரித்தானிய இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை டிட்டாகர் முதலிய வங்காள ஆலைகளின் எழுதுதாள் கல்கத்தாவில் கப்பலேறி இரங்கூனில் இறங்கியது கடலோர வாணிகமே, இறக்குமதி அன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தித்தாள் காகிதமோ, இரங்கூனில் இறங்கினும் இந்திய இறக்குமதியாகவே பதிவாயிற்று. பிரிவினைக்குப்பின் முன்னது பர்மாவின் இறக்குமதியாயிற்று; பின்னது இந்தியக் கணக்கிலிருந்து நீங்கிற்று. ஒரு தாளேனும் கூடுதலாக அச்சேறாமலே பர்மிய வரிசை உயர, இந்திய வரிசை தாழும்.

லான்மடாவில், அன்றைய காட்வின் சாலையை ஒட்டித் தாள் வாங்கியவர்க்கு இம்மாற்றம் உடனே விளங்கியிராது. 1937ஆம் ஆண்டு வணிக ஒழுங்காணை இருநாட்டுச் சரக்குகளை மூன்றாண்டுகளுக்குப் பெரும்பாலும் தீர்வையின்றியே விட்டது. எல்லை ஏட்டில் எழுந்தது, விலையில் எழவில்லை. வெ. சாமிநாத சர்மா ஆசிரியராக இருந்த ‘ஜோதி’ இரங்கூனில் தோன்றியதும் அதே 1937இல்தான். ஜப்பானியப் படையெடுப்போடு அது நின்றது. 1942இல் சர்மா கால்நடையாகவே இந்தியா புறப்பட்டார்.

போருக்குப்பின் இரு வரிசைகளும் வேறு வேறு காரணங்களால் இயங்கின. இந்தியாவில் நேப்பா ஆலை 1955இல் செய்தித்தாள் காகிதம் ஆக்கத் தொடங்கியது. பர்மாவில் 1964இல் வணிகம் அரசுடைமையாயிற்று. 1966 முதல் இந்திய மொழி நாளிதழ்கள் வெளிவரவில்லை. அவ்வாண்டுகளில் பர்மிய இறக்குமதி தாழ்ந்த இடங்களைத் தன்னிறைவு எனக் கொள்ளலாகாது. கப்பலேறிப் போன தமிழ் வாசகரும் அத்தாழ்வில் அடங்குவர்.